முட்டைக்குள் வந்த பயம்

தீவுக் கிராமமான வண்டூரில் மிக்கேல் வீட்டுக் கோழிகள் மூன்றும் சரியான பயந்தாங்கொள்ளிகள். கதவு கிறீச்சிட்டால் ஓட்டம். கொடியில் துணி ஆடினால் ஓட்டம். கூட்டில் அடையாமல் கொய்யா மரத்தில் ஏறித் தூங்கும். முட்டையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடும்.

“கிறிஸ்துமஸுக்கு மூணையும் குழம்பு வச்சிருவோம்,” என்றார் மிக்கேல், வலையில் சிக்கெடுத்துக்கொண்டே.

அவர் மகள் பிரவீனா பிடித்திருந்த வலை முனையைக் கீழே போட்டாள். குஞ்சிலிருந்து வளர்த்தவள் அவள்தான்.

“பாவம்ப்பா. அம்மாக்கோழிகிட்ட கத்துக்கிட்டதுங்க. அதைத்தான் உடும்பு தெனமும் துரத்துச்சே.”

“அம்மாவ இதுக எங்க பாத்துச்சு? முட்டை விட்டதோட அதை உடும்பு கொண்டுபோயிருச்சு. அடைகாத்தது பக்கத்து வீட்டுக் கோழி. அது எவ்வளவு சாது.”

அதுவும் உண்மைதான். அப்படியானால் பயம் எந்த வழியாக வந்தது? கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அக்கா சூசைமேரியிடம் கேட்டாள்.

“அம்மா ரொம்பப் பயந்தா அது உடம்புல குறி மாதிரி பதியும் பிள்ள. மரபணு மாறாது. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்ங்கறதுதான் மாறும். அந்தக் குறி சில சமயம் முட்டை வழியா குஞ்சுக்கும் போகுமாம்.”

“அழியவே அழியாதாக்கா?”

“சிலது அழியும்ங்கறாங்க. பயமில்லாம வாழ்ந்தா அழியலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

பிரவீனாவுக்கு அந்த ‘அழியலாம்’ போதும். அப்பாவிடம் ஈஸ்டர் வரை தவணை கேட்டாள்.

“டீக் ஹை, சரி. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது,” என்றார் அவர்.

உடும்பு நுழையாதபடி கூட்டின் ஓட்டைகளை எல்லாம் அடைத்தாள். முற்றத்தில் யாரும் ஓடக்கூடாது என்று கட்டளை போட்டாள். மாலையில் நொய்யைத் தூவிவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். கொசு கடித்தபோதும் கையை ஓங்கவில்லை. அது பெரிய தியாகம்.

கோழிகள் முழுக்க மாறவில்லை. ஆனால் மரத்தை விட்டு இறங்கிக் கூட்டில் அடைந்தன. அவற்றில் ஒன்று அடையும் கிடந்தது.

ஈஸ்டருக்கு முன்பே குஞ்சுகள் பொரிந்தன. கதவு கிறீச்சிட்டது. தாய்க்கோழி திடுக்கிட்டது. குஞ்சுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறின. பிரவீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மிக்கேல் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, சாப்பிட வாங்க.”

“சத்தம் போடாத பிள்ள,” என்றார் மெதுவாக.

அவர் பாதத்தின் மேல் ஒரு குஞ்சு ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று மிக்கேல் சோற்றை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார்.