தோள் தையல் இல்லாத ரவிக்கை

லட்சுமிபுரத்துப் பழைய பங்களாவில்தான் எங்கள் தையல் பள்ளி இருந்தது. சுதந்திரம் வந்து ஏழாவது வருஷம். அந்த ஆஷாட மாத வெள்ளிக்கிழமை நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டரை மணி. மற்றப் பெண்கள் எல்லாரும் அம்மனைப் பார்க்கச் சாமுண்டி மலைக்குப் போயிருந்தார்கள். எனக்கும் பக்தி உண்டுதான். ஆனால் பம்பாய்க் கல்லூரியிலிருந்து பரீட்சை அம்மாள் மறுநாள் வருகிறாள். அம்மன் அடுத்த வெள்ளிக்கும் மலையிலேயே இருப்பாள்.

தலைமையாசிரியை செலுவம்பா வாசல் அறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேலுக்கோட்டை ஐயங்கார் அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் யாரையும் பார்ப்பார்.

"என்ன பாக்கியலட்சுமி, மலைக்குப் போகலையா?"

"ரவிக்கைக்குக் கொக்கி பாக்கி இருக்கு மேடம்."

"கொள்ளேகால் பட்டுக்கடைப் பொண்ணாச்சே. அம்மன்கிட்டேயே தவணை சொல்லுவே நீ. போ, பேக, சீக்கிரம் முடிச்சுட்டு வா. மழை வர்றது."

மாடி ஏறினேன்.

நாங்கள் படித்தது உடை வடிவமைப்பு. வகுப்பில் ஒரே ஒருத்திக்குப் பம்பாயில் மேலே படிக்க இடம் கிடைக்கும். எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. ஒவ்வொருத்திக்கும் தலையும் கையும் இல்லாத மர உருவம் ஒன்று கொடுப்பார்கள். அதன்மேல் பஞ்சும் கிழிதுணியும் சுற்றித் தன் உடம்பின் அளவுக்கே கொண்டுவர வேண்டும். தைத்த துணியை அதற்குத்தான் போட்டுக் காட்ட வேண்டும். என் மார்பளவு முப்பத்தெட்டு. என் உருவத்துக்கு ஒரு மெத்தைக்கு ஆகிற பஞ்சு ஆயிற்று. என் மேசைத் தோழி வடிவின் உருவத்துக்கு ஒரு தலையணைப் பஞ்சு போதும்.

வடிவு மில் தொழிலாளியின் மகள். இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். எந்த ரவிக்கை போட்டாலும் அந்தக் கோணல் தெரியும். ஒருநாள் பழுப்புத்தாளை மேசையில் விரித்தாள்.

"தோள்ல தையல் இருந்தாத்தானுங்க்கா கோணல் தெரியும்? தையலே இல்லாம வெட்டிட்டா?"

முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே துணி. கழுத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. கடையில் வளர்ந்தவள் நான். சரக்கைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பம்பாய் சீட்டு அந்தத் தாளில் இருந்தது.

அப்புறம் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. "என்ற பேர்ல குடுத்துருங்க்கா, ஒரு வாரத்துல எந்திரிச்சு வந்துருவேன்" என்று தாளை என்னிடம் கொடுத்தாள். வரவில்லை. செத்துப்போனாள். செத்தவளுக்குப் பம்பாய் எதற்கு என்று நினைத்து, தாளில் என் பெயரை எழுதினேன். என் அளவுக்குப் பெரிதாக்கி, எங்கள் கடைப் பட்டிலேயே தைத்தேன்.

அது நடந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மாடி அறையில் ஈரப்பஞ்சும் மிஷின் எண்ணெயும் சேர்ந்து வாடை அடித்தது. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் என் உருவம் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றது.

ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது.

நேற்று பிடித்துவைத்த மாதிரி இருந்தது. ஈரத்தில் பஞ்சு அமுங்கியிருக்கும் என்று நினைத்து டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினேன். முப்பத்தாறு. கீழ்ப்பக்கமாகக் கைநிறையப் பஞ்சு திணித்தேன். மறுபடி அளந்தேன்.

முப்பத்து நாலு.

எங்கள் கடையில் கஜக்கோல் சுருங்கிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது அப்பாவின் திறமை. பஞ்சு வைக்க வைக்க உருவம் இளைப்பதை அன்றுதான் பார்த்தேன். டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். டேப்பில் குற்றமில்லை. மூன்றாம் தடவை சுற்றியபோது முப்பத்திரண்டு.

நிமிர்ந்தேன். உருவத்தின் இடது தோள் இறங்கியிருந்தது.

அரை அங்குலம். அளக்கத் தேவையிருக்கவில்லை.

கைகள் டேப்பை விடவில்லை. அல்லது டேப் கைகளை விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டில் இருந்த நுனி என் விரல்களுக்குள் மெல்ல நகர்ந்தது. முப்பத்து மூன்று. கொஞ்சம் நின்றது. திரும்பி முப்பத்திரண்டு.

மறுபடி முப்பத்து மூன்று.

மூச்சு.

கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் சரக்கை விட்டுவிட்டு ஓடுகிற வம்சத்தில் நான் பிறக்கவில்லை. ரவிக்கையைக் கழற்றிக்கொண்டு ஓடலாம் என்று அதன் அடியில் கையை விட்டேன்.

உள்ளே பஞ்சு இல்லை. மரமும் இல்லை.

ஏதோ ஒன்று என் விரல்களைத் தொட்டுத் தடவியது.

எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரிகள் வாய் திறந்து விலை பேசமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு விரல் பிடித்தால் கால். இரண்டு பிடித்தால் அரை. நாலும் பிடித்தால் முழுசு. இதை வடிவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெட்டுமேசைக்கு அடியில், பாவாடைத் துணிக்குள், ஒரு கடலைமிட்டாய்க்கு நாங்கள் பேரம் பேசியிருக்கிறோம். கால் கேட்டுத்தான் தொடங்குவாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குக் கூச்சம்.

"வடிவு," என்றேன். "ரெண்டு பேர் பேரும் போட்டர்றேன்."

இரண்டு விரலை நீட்டினேன்.

அந்தக் கை என் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. நாலையும் சேர்த்துப் பிடித்தது.

முழுசு.

"நீ போனதுக்கப்புறந்தானே எழுதினேன்? உனக்கு அதுல என்ன நட்டம்?"

பிடி இறுகியது. எலும்போடு எலும்பு உரசியது. மழைச் சத்தத்துக்குள்ளும் அது கேட்டது.

உங்களிடம் முதலில் சொன்னதும் அதே பொய்தான். பழக்கதோஷம். சரக்கில் ஓட்டை இருந்தால் மடிப்பை அந்தப் பக்கமாக வைத்துக் காட்டுவோம்.

"சரி, சொல்லிர்றேன்," என்று அழுதேன். "நீ உசுரோட இருந்தே. செவ்வாக்கிழமை. ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சிட்டிருந்தே. காலையில என் பேரை எழுதிக் குடுத்துட்டு, சாயங்காலம் உன்னைப் பாக்க வந்தேன். 'குடுத்துட்டீங்களாக்கா'ன்னு கேட்டே. 'குடுத்துட்டேன்'னேன். சிரிச்சே."



பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செலுவம்பா மேடத்தின் மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உருவத்தையும் கையையும் சொல்லவில்லை. தாளையும் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டப்போ பொய் சொன்னியா?"

"பொய் இல்லே மேடம். குடுத்துட்டேன்னுதான் சொன்னேன். யார் பேர்லேன்னு சொல்லலே."

"வியாபாரம்," என்றார் மேடம்.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் இன்றுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை.

மறுநாள் பரீட்சை அம்மாள் வந்தபோது அட்டையில் வடிவின் பெயர் இருந்தது. ரவிக்கையை ரொம்ப நேரம் பார்த்தாள். இது யார், வரச்சொல்லுங்கள் என்றாள். மேடம் விஷயத்தைச் சொன்னார். என் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்தார்கள். பம்பாய்க்கு வேறொருத்தி போனாள். நான் அதற்காக அழவில்லை. அழுதால் யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

ரவிக்கையை மேடமே மடித்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

திங்கட்கிழமை காலையில் வடிவின் அம்மா ராமக்காள் வந்தாள். கறுத்து மெலிந்த பெண்பிள்ளை. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சுவரோரம் நின்றாள். மேடம் என்னை எதிரே நிறுத்திவைத்து, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். ராமக்காள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"என்ற புள்ள தெச்சதைக் குடுங்க, நான் போறனுங்க," என்றாள்.

தைத்தது நான்.

மேடம் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ராமக்காள் அதை முகத்தோடு வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக விலக்கி, கைப்பக்கத்தை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு போட்டிருந்தாங்க அம்மிணி?"

"யாரும் போடலையேம்மா," என்றார் மேடம். "ரெண்டு நாளாப் பூட்டித்தான் இருந்தது."

அக்குள் படும் இடத்தில் பட்டு கறுத்து நனைந்திருந்தது. ராமக்காள் அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு, முதல் தடவையாக, என்னைப் பார்த்தாள்.

"உடம்புச் சூடு இன்னம் ஆறலியே, கண்ணு."