அம்மாவுக்கு வைக்காத தட்டு

அண்ணன் கட்டின புதுப் படகு கடலில் இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் செல்மா விண்ட்வர்ட் கிராமத்தில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் நேரே சாப்பாட்டு அறைக்குப் போனாள்.

கரீபியக் கடலின் காரியாக்கூ தீவில் செத்தவர்களுக்குப் படைக்காமல் எவனும் படகு இறக்கமாட்டான். படகுக்காரன் தன் கையாலேயே தட்டு வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். சோற்றிலும் கோழியிலும் உப்பு கூடாது. உப்பிட்டதைச் செத்தவர்கள் தொடமாட்டார்கள்.

மேசையில் இரண்டே தட்டுகள். ஒன்று எப்போதோ செத்துப்போன அப்பாவுக்கு. இன்னொன்று ஸ்காட்லாந்திலிருந்து கப்பல் தச்சனாக வந்த கொள்ளுத்தாத்தா மெக்லீஷுக்கு. போன மழைக்காலத்தில் செத்துப்போன அம்மா இஸ்மேக்கு ஒரு கிண்ணம்கூட இல்லை.

"அம்மாவுக்கு எங்கண்ணே?"

அண்ணன் ஆல்வின் திரும்பியே பார்க்கவில்லை. "நாம ஸ்காட்லாந்து ரத்தம்டி. அவளுக்கு அவ சனம் வைக்கட்டும்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அம்மாவிடமிருந்து வந்த ஆப்பிரிக்கச் சுருட்டை முடி தெரியக்கூடாதென்று மாதாமாதம் மொட்டை போட்டுக்கொள்கிறவன் அவன். படகின் பின்புறத்தில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்பூவை வரைந்து வைத்திருந்தான். அந்தப் படகின் அடிமரமோ, அம்மா கரையில் உட்கார்ந்து மீனுக்கு உப்புத் தேய்த்த காசில் வந்தது. விரலிடுக்கெல்லாம் புண்ணாகித் தேய்த்தாள் பாவி மனுஷி.

செல்மா அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ கண்ணாடியே பாக்கறதில்லையா? அந்த மூக்கு யாரு குடுத்தது? உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்ணே. நீ தின்னது அவ கை உப்பு."

அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

பொழுது சாய்ந்தது. முற்றத்தில் ராத்திரி ஆட்டத்துக்காக முரசுக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முதலில் வாடைதான் வந்தது. பச்சை மீனும் நனைந்த சாக்கும் கலந்த வாடை, பூட்டின அறைக்குள்ளிருந்து.

அப்புறம் சத்தம்.

சரக்... சரக்...

உள்ளங்கையை அழுத்தி, மீன் வயிற்றுக்குள் கல்லுப்பைத் தேய்க்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள் இருவரும்.

"எலி," என்று முணுமுணுத்தான் ஆல்வின். ஆனால் அவன் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

விடிந்ததும் திறந்தார்கள். இரண்டு தட்டுகளும் கல்லுப்புக்கடியில் புதைந்து கிடந்தன. கோழி, மீனைப் பிளப்பதுபோல் வயிறு பிளந்து, உள்ளே உப்பு அடைத்திருந்தது. ஜன்னல் உட்பக்கம் பூட்டினபடியே இருந்தது. நீதான் செய்தாய் என்று ஆல்வின் தங்கை மேல் பாய்ந்தான். ஆனால் அவள் ராத்திரி முழுக்க முரசு வளையத்தில் ஆடினதை ஊரே பார்த்திருந்தது.

அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் படகை இறக்கு என்று ஊர்க்காரர்கள் கெஞ்சினார்கள். அவன் உப்பை வாரிக் கொட்டிவிட்டு வழக்கப்படி படகுக்கு ஆட்டைப் பலி கொடுத்தான், படகைத் தாங்கின முட்டுக்கட்டைகளை வெட்டிச் சாய்த்தான். படகு வழுக்கிக்கொண்டு அழகாக இறங்கி மிதந்தது. ஊரே கூவியது. ஆல்வின் தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடித்ததைத் துப்பினான்.

"எவன்டா இதுல உப்பப் போட்டது?"

அதே குடத்துத் தண்ணீரை மற்றவர்கள் குடித்தார்கள். நல்ல தண்ணீர். இளநீர் கொடுத்தார்கள், ரம் கொடுத்தார்கள். அவனுக்கு எல்லாம் உப்பு. சாயங்காலத்துக்குள் உதடு வெடித்து நாக்கு தடித்துவிட்டது.

அப்போதுதான் வழிக்கு வந்தான். உப்பில்லாமல் சோறு பொங்கி, அம்மாவுக்குத் தட்டு வைத்து, கதவைச் சாத்தி வாசலில் மண்டியிட்டான்.

"தின்னும்மா... நான் உன் மகன்மா."

செல்மா பார்த்துக்கொண்டு நின்றாள். இரக்கம் வரவில்லை. உயிரோடிருந்தபோது அந்த வார்த்தையை ஊரார் முன்னால் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதுமே என்றுதான் ஆத்திரம் வந்தது.

உள்ளே சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து அவள்தான் திறந்தாள்.

தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்படி வேலை முடிந்தால் அம்மா அப்படித்தான் கவிழ்ப்பாள். சோறு உள்பக்கம் வாசற்படி ஓரமாய்க் கொட்டிக் கிடந்தது, ஒரு பருக்கை குறையாமல்.

சரக்...

செல்மா அறையை உற்றுப் பார்த்தாள். சத்தம் அங்கிருந்து வரவில்லை.

சரக்... சரக்...

ஆல்வினின் சட்டைக்குள்ளிருந்து வந்தது. அவள் அவன் சட்டையைத் தூக்கினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை ஐந்து விரல் தடம் கல்லுப்பு வெள்ளையாய் இறங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்தது.