எருமை வால்

உச்சி வெயிலில் பதினாறு மாட்டையும் ஓட்டிக்கொண்டு கொள்ளிடத் துறைக்கு வந்து சேர்ந்தான் அரியமுத்து. ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே ஆள் புழங்காத துறை அது. மூன்று வருசமாக இதை ஒதுக்கிச் சுற்றுவழியில்தான் மாடு ஓட்டினான். இன்றைக்கு அக்கரையில் பூங்காவனம் நிற்கிறாள். தாய்வீட்டில் பெற்ற பிள்ளையை அவனுக்கு முதன்முதலாகக் காட்டத் துறைக்கே தூக்கி வந்திருக்கிறாள்.

“என்னண்ணே, பொண்டாட்டியப் பாத்ததும் காலு நடுங்குதா?” சிரித்தபடி கூட்டாளி சாமிதுரை மாடுகளை இறக்கிக்கொண்டு முன்னால் போனான்.

அரியமுத்து சிரிக்கவில்லை. கடைசியாக ஒரு காளையும் ஓர் எருமையும் பாக்கி. காளை வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

மாடு ஓட்டுகிறவனுக்குத் தெரியும். காளை தலையைத் தூக்கிக்கொண்டு கரை சேர்க்கும். எருமை நடு ஆற்றில் சுகமாக முங்கும்.

சாராயம் கடத்துகிறவனுக்கு அது தெரியாது.

மூன்று வருசத்துக்கு முன்னால், இதே துறையில், செல்லக்கண்ணுக்கும் தெரியவில்லை. மதுவிலக்கு இருந்த நாள். போலீசு கண்ணில் படாமல் மாட்டோடு மாடாக ஆற்றைக் கடக்க வந்தான். நீச்சல் கிடையாது. முதுகில் பாட்டில் சாக்கு, மடியில் பூங்காவனத்துக்கு வாங்கிய வளையல். அவளும் அவனைத்தான் நினைத்திருந்தாள்.

“மாப்ள, எந்த வாலப் புடிக்க?” என்று கேட்டான்.

அரியமுத்து எருமையைக் காட்டினான்.

போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று அவளிடம் சொன்னான். அவள் அழுகை ஓய்ந்ததும் பெண் கேட்டுப் போனான்.

இப்போது நடு ஆறு வந்தது. காற்று நின்றது. தண்ணீர் வாசம் போய்ச் சாராய நெடி மூக்கில் ஏறியது.

பக்கத்தில் எருமை திணறித் திணறி நீந்தியது. அதன் வால் பின்னால் விறைத்து நீண்டிருந்தது.

வால் நுனி தண்ணீருக்குள் இருந்தது.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

“மாப்ள... எந்த வாலப் புடிக்க?”

கண்ணை மூடிக்கொண்டான். மூடியதும் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

எருமை முங்கியது.

“விடுடா! எரும வால விடுடா, செல்லக்கண்ணு! தெரிஞ்சேதான் காட்டுனேன்! இந்தா, காள வாலு, இதப் புடி!”

அக்கரை வரைக்கும் போனது அந்தக் குரல்.

எருமை எழும்பியது. வால் தொளதொளவென்று கிடந்தது. அரியமுத்துவின் கையில் இருந்த காளை வால் சட்டென்று கனத்தது.

கரையேறியதும் கையை உதறி வாலை விட்டான். பூங்காவனம் பிள்ளையை நீட்டவில்லை.

“ஓடிட்டாருன்னு தானங்க சொன்னீங்க?” மெதுவாகத்தான் கேட்டாள்.

அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு தாய்வீட்டுப் பாதையில் திரும்பி நடந்தாள்.

சாமிதுரை மாடுகளைச் சந்தை ரோட்டுக்குத் திருப்பினான். காளை மட்டும் திரும்பவில்லை. பாரவண்டி இழுப்பதுபோல் கழுத்தைத் தாழ்த்தி, அவள் போன பாதையிலேயே போனது.

அதன் வால் பின்னால் நேராக நீண்டிருந்தது. நுனியில் ஒரு கையளவு மயிர் மட்டும் இறுகி, தண்ணீர் பிழிந்து சொட்டிக்கொண்டே போனது.