கதவு இடித்த மூக்குகள்

சிட்டுவின் மூக்கு தக்காளிப் பழம் போல வீங்கியிருந்தது.

"என்ன பாப்பா, மூக்குல என்ன ஆச்சு?" என்று கேட்டார் அம்மாவின் அலுவலக வாசலில் நின்ற காவலர்.

"கதவு இடிச்சிருச்சு," என்றாள் சிட்டு.

அது பொய். நேற்று சாயங்காலம் அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கடுத்தது. பிடி நழுவியது. தொப்! நேராக மூக்கில்.

அதுவும் சாதாரண போனா? அம்மாவின் கம்பெனிக்குப் போட்டியாக இருக்கும் கம்பெனி போன வாரம்தான் வெளியிட்ட, விலை உயர்ந்த, புத்தம்புது போன். "எதிரி வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று சொல்லி, பிரித்துப் பார்ப்பதற்காக அம்மா வாங்கி வைத்திருந்தது.

படுத்துக்கொண்டு போன் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் பழி கதவின் தலையில் விழுந்தது.

இன்று பள்ளிக்கு விடுமுறை. அப்பாவும் ஊரில் இல்லை. ஆகவே சிட்டு அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ஆனால் அம்மா நடக்கவில்லை, ஓடினாள்.

"அம்மா, மெதுவா போயேன்! ரயிலையா பிடிக்கப் போறே?"

"மத்தியானம் பெரிய மேடம் வர்றாங்க, சிட்டு. நான் செஞ்ச போனா, கேமரா மாமா செஞ்ச போனான்னு இன்னைக்கு முடிவாயிரும்."

"முடிவாகி?"

"ஒண்ணு தொழிற்சாலைக்குப் போகும். இன்னொண்ணு அலமாரிக்குப் போகும்."

சிட்டுவுக்கு அந்த அலமாரியைத் தெரியும். அம்மாவின் அறை மூலையில் நிற்கும் சாம்பல் நிற இரும்பு அலமாரி. யாரும் தேர்ந்தெடுக்காத மாதிரிப் போன்கள் எல்லாம் அதற்குள் துணி சுற்றித் தூங்கின. அம்மா செய்தவை ஏற்கெனவே இரண்டு உள்ளே இருந்தன. மூன்றாவதும் போய்ப் படுத்தால், அம்மாவை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அம்மா இதைச் சிட்டுவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னது சிட்டுவின் காதில் விழுந்திருந்தது.

அறைக்குள் நீள மேசை மேல் இரண்டு போன்கள் இருந்தன. சிட்டு இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துப் பார்த்தாள்.

அம்மாவின் போன் ஒல்லியாக, ஓரமெல்லாம் வழவழப்பாக, நோட்டுப் புத்தக அட்டை போல லேசாக இருந்தது. கேமரா மாமாவின் போன் முதுகில் ஐந்து கேமரா கண்களோடு, செங்கல்லுக்குத் தம்பி போல இருந்தது.

"எப்படி நம்ம ஆளு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கேமரா மாமா. எப்போதும் சிரித்த முகம். இன்று அந்த முகத்தின் நடுவில், மூக்கின் மேல், ஒரு சின்ன பிளாஸ்திரி. "எதிரி போன்ல நாலு கேமரா. நம்மகிட்ட அஞ்சு! விடுவோமா?"

"மூக்குல என்ன மாமா?"

"அதுவா... கதவு இடிச்சிருச்சு," என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடி.

அட, நம்மைப் போலவே என்று நினைத்துக்கொண்டாள் சிட்டு.

அம்மா வேலையில் மூழ்கிவிட்டதால், சிட்டு தனக்கு மிகவும் பிடித்த சோதனை அறைக்குப் போனாள். அங்கே ஓர் இயந்திரக் கை போனைத் தூக்கும், கீழே போடும். டமால்! மறுபடி தூக்கும். டமால்! சிமெண்டுத் தரை, மரத்தரை, சரளைக்கல் என்று விதவிதமான தரைகள். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அலுவலகம் முழுக்க டமால் அக்கா என்றுதான் பெயர்.

"அக்கா, ரெண்டு போனும் பாஸா?"

"ரெண்டுமே பாஸ். எத்தனை தடவை போட்டாலும் ஒரு கீறல் கிடையாது." அக்கா பெருமையாகத் திரும்பினாள். அவள் மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

"அக்கா! உங்க மூக்குல..."

"கதவு இடிச்சிருச்சு."

சிட்டு வெளியே வந்து, நடைபாதையில் நின்று கதவுகளைப் பார்த்தாள். ஆள் பக்கத்தில் வந்தால் தானாக விலகி, இடது பக்கமும் வலது பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும் கண்ணாடிக் கதவுகள். அந்த அலுவலகத்தில் எல்லாமே அப்படிப்பட்ட கதவுகள்தான். இந்தக் கதவு எப்படி வந்து மூக்கில் இடிக்கும்?

'ஓகோ!' என்றது சிட்டுவின் மனம்.

மத்தியானம் பெரிய மேடம் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிட்டு மூலையில் ஒரு நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்," என்றார் மேடம். "நம்ம போன் விலை அதிகம். இப்போ பாதி விலைப் போன்லயே நல்ல படம், நல்ல திரை எல்லாம் கிடைக்குது. அப்புறம் நம்ம போனை ஏன் வாங்கணும்? பதில் சொல்லுங்க."

"அஞ்சு கேமரா மேடம்!" என்றார் மாமா.

"லேசான உடம்பு மேடம்," என்றாள் அம்மா.

மேடம் இரண்டையும் கையில் எடுத்து எடை பார்த்தார். "அஞ்சு கேமரான்னா கண்ணுக்குத் தெரியுது. லேசுன்னு சொல்லி எப்படி விக்கிறது? கடையில ஒரு நிமிஷம் நின்னு தொட்டுப் பாப்பாங்க. கனமா இருந்தாத்தான் குடுத்த காசுக்குப் பொருள்னு தோணும்."

"ஒரு நிமிஷம்தான் மேடம் அப்படித் தோணும். நாள் பூரா வச்சிருந்தா..."

"நாள் பூரா கடையில யாரு நிப்பாங்க?"

அம்மாவின் கை மேசைக்கு அடியில் துப்பட்டா நுனியை முறுக்குவது சிட்டுவுக்கு மட்டும் தெரிந்தது. மேடம் செங்கல்லுக்குத் தம்பியைக் கையில் எடுத்தார். அதைத் தேர்ந்தெடுத்துவிடப் போகிறார்!

அப்போதுதான் சிட்டு கவனித்தாள். மேடத்தின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அதற்குக் கீழே, நீலமாக ஒரு வீக்கம்.

சிட்டு எழுந்து நின்றாள். "மேடம், உங்க மூக்குல என்ன?"

"சிட்டு!" என்று பதறினாள் அம்மா.

"இதுவா... கதவு இடிச்சிருச்சு கண்ணு," என்றார் மேடம்.

சிட்டு ஒரு பெரிய மூச்சு எடுத்தாள். முதலில் தன் குட்டை உடைத்தால்தானே மற்றவர்களுக்குத் தைரியம் வரும்?

"என்னையும் கதவு இடிச்சுதுன்னுதான் சொன்னேன். பொய் மேடம். படுத்துக்கிட்டு போன் பாத்தேன். மூக்கு மேல விழுந்திருச்சு. ஸாரிம்மா."

டமால் அக்கா முதலில் களுக்கென்று சிரித்தாள். "எனக்கும் அதேதான்!"

"எனக்கும்," என்று முனகினார் கேமரா மாமா. "அதுவும் என் சொந்தப் போன். அஞ்சு கேமராவோட."

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் கோணல் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இதை யாராவது வெளிய சொன்னீங்க... எதிரி போனைப் பரிசோதிக்கலாம்னு எடுத்துட்டுப் போய்ப் படுத்தேன். என்னைத்தான் அது பரிசோதிச்சுது!"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது.

"டமால் அக்கா," என்றாள் சிட்டு, "போனைக் கல்லு மேல போட்டீங்க, கட்டை மேல போட்டீங்க. போனுக்கு அடிபடுதான்னு பாத்தீங்க. ஆளுக்கு அடிபடுதான்னு பாத்தீங்களா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடடா! மூக்கு மேல போட்டுப் பாக்கவே இல்லையே!"

"இப்பப் பாத்துருவோம்," என்றார் மேடம். அடுத்த நொடி, அந்தப் பெரிய கம்பெனியின் பெரிய மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைக் கம்பளத்தில் மல்லாந்து படுத்துவிட்டார்!

கேமரா மாமாவின் போனை முகத்துக்கு மேலே பிடித்தார். சிட்டு பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, நாற்காலியில் இருந்த குட்டி மெத்தையை மேடத்தின் மூக்குக்கு மேலே பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே அடிபட்ட மூக்கு அல்லவா?

கொஞ்ச நேரம் போனது. மேடத்தின் கை லேசாக ஆடியது. "இதோ பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார். "ஒண்ணும் வலிக்க... வலிக்..."

தொப்! மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்தது.

"அம்மாடி! மூக்கா இருந்தா என்ன ஆயிருக்கும்!"

அடுத்து அம்மாவின் போன். மேடம் பிடித்தார். பிடித்துக்கொண்டே ஒரு படம் பார்த்தார். இன்னொரு படம் பார்த்தார். "மேடம்..." என்று கூப்பிட்டாள் டமால் அக்கா. "இரும்மா, பாட்டு நல்லா இருக்கு," என்றார் மேடம். கடைசியில், மெத்தையை எடுக்கச் சொல்லிவிட்டு, அவரே விரலைத் தளர்த்தினார். போன் மூக்கில் விழுந்து, வழவழப்பாக நழுவிக் கன்னத்தில் படுத்துக்கொண்டது.

"செல்லமா ஒரு தட்டு. அவ்வளவுதான்!" மேடம் எழுந்து உட்கார்ந்தார். "இதுதான் தொழிற்சாலைக்குப் போகுது. ஆனா ஒண்ணு. கடையில நிக்கிறவங்களுக்கு இதை எப்படிப் புரிய வைக்கிறது?"

"நிக்க வைக்காதீங்க மேடம்," என்றாள் சிட்டு. "படுக்க வைங்க."

மேடம் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கைதட்டிச் சிரித்தார்.

ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கேமரா மாமா தன் போனை ஒரு துணியில் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தார், அலமாரியில் வைக்க. சிட்டுவுக்கு என்னவோ போல் இருந்தது. அந்த அலமாரியின் கதவு கிறீச்சென்று திறக்கும் சத்தம் அவளுக்குப் பிடிக்காது.

"மாமா, இந்த அஞ்சு கேமராவுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

மாமா துணியை விலக்கினார். "நடுவுல இருக்கே, இது. மங்கலான வெளிச்சத்துல ஒரு குழந்தை ஓடினாக்கூடக் கலங்காம எடுக்கும். இது ஒண்ணுக்கே ஒன்றரை வருஷம் உழைச்சேன்."

"மத்த நாலும் எதுக்கு?"

மாமா தலையைச் சொறிந்தார். "எதிரி போன்ல நாலு இருந்துச்சா... அதனால..."

"எனக்கு அந்த நடுக் கண்ணைக் குடுங்க," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "என் போன்ல இடம் பண்ணித் தர்றேன். உடம்பு கனக்காம."

மாமாவின் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது. "இடம் பத்துமா?"

"நீங்க உங்க கேமராவைக் கொஞ்சம் மெலிய வைங்க. நான் என் போனைக் கொஞ்சம் நகர வைக்கிறேன்."

"சரி, வாங்க!" அப்போதே இருவரும் மேசைக்கு ஓடினார்கள். அலமாரி அன்று பட்டினி.

அந்தப் போன் கடைக்கு வந்த நாளில், சிட்டு அம்மாவோடும் மாமாவோடும் பார்க்கப் போனாள். சோதனை அறையில் இப்போது ரப்பர் மூக்கு வைத்த ஒரு பொம்மைத் தலை இருக்கிறது என்ற செய்தியை வழியில் மாமா சொன்னார்.

கடையில் மற்றக் கம்பெனி மேசைகளின் முன்னால் ஆட்கள் நின்று, தொட்டு, நகர்ந்தார்கள். அம்மாவின் போன் இருந்த இடத்தில் மட்டும் மேசை இல்லை. தலையணையோடு மெத்தென்று ஒரு சாய்வுக் கட்டில்! அதில் படுத்துப் பார்க்க நீளமாக வரிசை. ஆனால் வரிசை நகரவே இல்லை.

"ஏன் நகர மாட்டேங்குது?" என்று எட்டிப் பார்த்தாள் சிட்டு.

கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்து நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போன் அவர் மூக்கின் மேல் குடிசை போலச் சாய்ந்து நின்றது. தூக்கத்திலேயே மூக்கைச் சொறிந்துவிட்டு அவர் குறட்டையைத் தொடர்ந்தார்.

"எழுப்பட்டுமா மேடம்?" என்று அம்மாவிடம் கேட்டாள் விற்பனைப் பெண்.

"வேண்டாம், வேண்டாம்!" என்றார் கேமரா மாமா அவசரமாக. தன் நடுக் கேமரா பொருத்திய புதுப் போனை நீட்டி, ஒரு படம் எடுத்தார்.

அடுத்த வாரம் தெருவெங்கும் விளம்பரப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.