பிராந்தி பாட்டிலில் மூன்று வருஷம்

செம்பியன் செத்துக் கிடந்தான்!

அப்படித்தான் சந்திரலேகா நினைத்தாள்.

காலை எட்டு மணி. லேப் கதவு திறந்திருந்தது. வாட்ச்மேன் செம்பியன் மேஜைக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். வாயோரம் நுரை. கையில் ஒரு பாட்டில்.

காலி பாட்டில்...!

பிராந்தி பாட்டில்தான். ஆனால் அதற்குள் அவள் வைத்திருந்தது பிராந்தி இல்லை.

சந்திரலேகா போட்ட அலறலில் பக்கத்து ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. நாலு பேர் ஓடி வந்தார்கள்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். செம்பியன் எங்கேயும் எழுந்து போய்விட மாட்டான்.

அது பட்டினச்சேரிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு ஃபைபர் படகுக் கம்பெனி. முதலாளி சோமசேகரன். அந்தக் கம்பெனியின் மூலையில் ஒரு சின்ன லேப். அதில் சந்திரலேகா ஒருத்தி மட்டும் மூன்று வருஷமாக ஒரு பசை காய்ச்சினாள்.

இறால் ஓடு, உமிச்சாம்பல், அப்புறம் வெளியே சொல்லக்கூடாத இரண்டு சமாச்சாரம். இவை சேர்ந்ததுதான் அந்தப் பசை. பாட்டிலில் இருக்கிறவரை பாகு மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் போதும், கல்லாக இறுகிவிடும். நடுக்கடலில் படகு ஒழுகினால் கரைக்கு இழுத்து வர வேண்டாம். மிதக்கும்போதே அடைத்துவிடலாம்.

"நம்மூர்ல ரிசர்ச்சா? அதெல்லாம் ஜப்பான்காரன் பண்ணுவான்மா. நாம வாங்கி லேபிள் ஒட்டுவோம்" என்பது சோமசேகரனின் தொழில் கொள்கை.

பசை வைக்கக் கண்ணாடி ஜாடி வேண்டும் என்று கேட்டபோது அந்த மனிதர் சிரித்தார்.

"ஜாடியா? காரைக்கால்ல பாட்டிலுக்கா பஞ்சம்?"

தன் வீட்டில் காலியான பிராந்தி பாட்டில் ஒன்றை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். மூன்று வருஷ உழைப்பு அதில்தான் இருந்தது. அந்த ஒரு பாட்டில்தான். அடுத்தது காய்ச்ச மாசக்கணக்கில் ஆகும்.

இன்று மாலை பட்டினச்சேரியில் டெமோ. நாகூரிலிருந்து படகு கட்டுகிற கமாலுதீன் பாய் வருகிறார். பசை அவர் கண்ணெதிரே இறுகினால் பேட்டன்டில் சந்திரலேகாவின் பெயரும் சேரும், லேப் தொடரும். இறுகாவிட்டால் லேபுக்குப் பூட்டு, சந்திரலேகாவுக்கு டாட்டா. பேசிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

அந்தப் பாட்டில்தான் செம்பியன் கையில் காலியாகக் கிடக்கிறது!

இப்போது கதையை விட்ட இடத்தில் பிடிக்கலாம்.

சந்திரலேகா முதலாளிக்குப் போன் போட்டாள். தருமபுரத்து வீட்டில் சோமசேகரன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார்... செம்பியண்ணன் லேப்ல மயங்கிக் கிடக்குறாரு. நம்ம பசை பாட்டில எடுத்துக் குடிச்சிட்டாரு சார். பூராவும்."

"குடிச்சிட்டானா?"

"ஆமா சார். பேச்சு மூச்சு இல்ல. ஆம்புலன்ஸுக்கு சொல்லியிருக்கேன்."

"ஆம்புலன்ஸ் எதுக்கு இப்ப? நாலு பேருக்குத் தெரிஞ்சா கம்பெனி பேரு என்ன ஆவுறது? மோர்ல நல்லா உப்புப் போட்டு ரெண்டு டம்ளர் குடு. எழுந்து உக்காந்துடுவான்."

லைன் கட்டானது.

ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு கம்பெனி பேரு! சந்திரலேகாவுக்கு ஆத்திரம் பொங்கியது. திட்ட நேரமில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

*

ஆஸ்பத்திரி.

டாக்டர் வெளியே வந்தார். சப் இன்ஸ்பெக்டர் வினோதா எழுந்தாள். உயரமான பெண். குறைவாகப் பேசுவாள், நிறையக் கேட்பாள். ஃபேக்டரியில் ஒருவர் மயங்கிக் கிடந்தார் என்றால் போலீஸ் வந்துதானே ஆக வேண்டும்.

"பொழைப்பாரா டாக்டர்?"

"பொழைக்கிறதா? குறட்டை விடுறாரு. வயித்துல பசையும் இல்ல, விஷமும் இல்ல. பிராந்தி. ஒரு முழு பாட்டில். வேற ஒண்ணும் இல்ல."

சந்திரலேகா குறுக்கே வந்தாள்.

"அது எப்படி டாக்டர்? அதுல பிராந்தி எப்படி வரும்?"

"நான் வயித்தத்தான் பார்த்தேன். பாட்டில நீங்கதான் பாக்கணும்."

செம்பியன் பாதி கண் திறந்தான். வினோதா கட்டிலருகே போனாள்.

"லேப் பாட்டில எதுக்குய்யா தொட்ட?"

"மேடம்... மூணு வருஷமா அந்த ரூம்ல இறால் நாத்தம்தான் வரும். இன்னைக்கு விடிகாலையில பூட்டாமக் கெடந்த கதவத் தொறந்தா நல்ல வாசனை வந்துச்சு. பாப்பா கண்டுபிடிச்சது கடைசியா சரியா வந்துடுச்சு போலன்னு நெனச்சேன்."

"அதுக்கு?"

"டெஸ்ட் பண்ணேன்."

மறுபடி குறட்டை.

ஆக, யாரோ ராத்திரியோடு ராத்திரியாக பாட்டிலை மாற்றிவிட்டார்கள். பசை பாட்டில் போய், அதே மாதிரி இன்னொரு பாட்டிலில் பிராந்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. செம்பியனுக்கு மட்டும் மூக்கு இல்லாமல் இருந்திருந்தால் மாலையில் சந்திரலேகா படகு ஓட்டையில் பிராந்தியை ஊற்றிவிட்டு ஊர் சிரிக்க நின்றிருப்பாள்.

யார் மாற்றியது...?

"இவதான் மேடம்!"

வாசலில் சோமசேகரன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் புகார் மனு.

"லேப் சாவி இவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. வேற யாருகிட்டயும் கிடையாது. சென்னையில எவனோ பெரிய கம்பெனிக்காரனுக்குப் பசைய வித்துட்டு, சந்தேகம் வராம இருக்க பிராந்திய ஊத்தி வச்சிருக்கா. சோறு போட்ட கைய கடிச்சிட்டா மேடம்."

சந்திரலேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பசை போனது ஒரு பக்கம். திருடி என்ற பட்டம் இன்னொரு பக்கம்.

"சார்... என் பசைய நானே திருடுவனா?"

"உன் பசையா? பாத்தீங்களா மேடம், உன் பசை என் பசைன்னு எப்படிப் பேசுறா."

வினோதா மனுவை வாங்கினாள். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்து போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

"நல்லது." மடித்துப் பையில் வைத்தாள். "ஏம்மா, செம்பியன் கெடக்குறத யாருகிட்ட மொதல்ல சொன்ன?"

"சார்கிட்டத்தான். போன்ல."

"என்ன பேசினீங்க?"

"என் போன்ல எல்லாமே ரெக்கார்டு ஆகும் மேடம். சார் இன்னைக்கு சாங்ஷன்னு சொல்லுவாரு, நாளைக்கு எப்ப சொன்னேன்ம்பாரு. அதுக்காகப் போட்டு வச்சது."

வினோதா போனை வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்த அதே நொடியில் அது அலறியது.

கமாலுதீன் பாய்!

"ஏம்மா, நான் கொஞ்சம் சுருக்கவே கிளம்பிட்டேன். எல்லை செக்போஸ்ட்ல வண்டியெல்லாம் நிக்கிது. இங்க ஒரு பையன் ரோட்டுல சரக்கக் கொட்டினான். அது..."

"அது?"

"கல்லாயிடுச்சும்மா."

*

ஜீப் பறந்தது. முன்னால் வினோதா. பின்னால் சந்திரலேகாவும் சோமசேகரனும். சோமசேகரன் வழி நெடுகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏசி வண்டியா கொண்டாந்திருக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

செக்போஸ்ட்.

லாரிகள், கார்கள், மீன் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. நடு ரோட்டில் ஒரு இளைஞன் நின்றான். அவன் நிற்பது வேடிக்கையாக இருந்தது. உடம்பு ஒரு பக்கம் போகப் பார்க்கிறது, வலது கால் வர மாட்டேன் என்கிறது.

அஷ்வின்! சோமசேகரனின் அக்கா மகன். கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். தை மாசம் பிறந்தால் சோமசேகரனுக்கு மாப்பிள்ளை.

பக்கத்தில் ஒரு ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சு?" என்றாள் வினோதா.

"வழக்கமா நடக்குறதுதாம்மா. காரைக்கால் சரக்கு தமிழ்நாட்டுக்குள்ள போகக்கூடாதுல்ல, நாகூர் பஸ்ஸுல செக் பண்ணேன். தம்பி பையில பிராந்தி பாட்டில். இது என்னன்னு கேட்டேன். முழிச்சாரு. கேஸ் எழுதவா, கீழ ஊத்துறியான்னு கேட்டேன். அழுவுற மாதிரி நின்னாரு. அப்புறம் ஊத்திட்டாரு."

"ஊத்துறப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"கெட்டியா வருதே, என்னடா இதுன்னு கேட்டேன். பழைய சரக்கு சார்ன்னாரு."

வேறு என்ன சொல்ல முடியும்? பிராந்தி இல்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று சொல்ல வேண்டும். பசை என்று சொன்னால் யாருடைய பசை என்று சொல்ல வேண்டும். எல்லையில் பாட்டிலோடு பிடிபட்டவன் எவனும் செய்வதை அஷ்வினும் செய்தான். ரோட்டுப் பள்ளத்தில் கவிழ்த்தான்.

அந்தப் பள்ளத்தில் மீன் லாரிகள் ராத்திரி முழுக்க ஒழுகவிட்ட உப்புத் தண்ணீர் தேங்கி நின்றது!

கவிழ்த்தவன் சும்மா இருந்தானா? தடயம் தெரியக்கூடாது என்று ஷூ காலால் நன்றாகக் கலக்கிவிட்டான். ஷூ, லேஸ், பேண்ட் நுனி எல்லாம் சேர்ந்து இறுகிவிட்டன.

கமாலுதீன் பாய் பள்ளத்தை நெருங்கி உட்கார்ந்திருந்தார். கார் ஜாக்கியின் இரும்புக் கம்பியால் ஓங்கி ஒரு போடு போட்டார். கம்பி துள்ளியது. பள்ளம் அசையவில்லை.

"சரக்கு கொட்டின எடமாச்சே, நமக்கு ஆகாதேன்னு ஒதுங்கித்தாம்மா நின்னேன்" என்றார் சந்திரலேகாவைப் பார்த்து. "ஒரு மணல் லாரி தம்பி கால ஒதுக்கி, இந்த ஓரத்துல சக்கரத்த ஏத்திப் போச்சு. ஒரு கீறல் இல்ல. அப்பத்தான் இறங்கி மோந்து பாத்தேன். இறால் வாசனை. இது ஒன்னோடதுதானே?"

"ஆமாங்க பாய். என்னோடதுதான்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாக லேப் தொட்டியில் கையளவுதான் இறுகிப் பார்த்திருக்கிறாள். இன்று அதன் மேல் லாரி போயிருக்கிறது. சந்தோஷம் தாங்க முடியவில்லை.

பளார்!

சோமசேகரன் அஷ்வினை அறைந்தார்.

"துரோகி! வீட்டுக்குள்ளயே வச்சு வளத்தேனேடா. இவளும் நீயும் கூட்டா? மேடம், ரெண்டு பேரையும் புடிச்சு உள்ள போடுங்க."

அஷ்வின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பார்க்க வேறு இடமும் இல்லை, கால் அங்கேதான் இருந்தது.

"நான்தான் மேடம் எடுத்தேன். நான் மட்டும்தான்."

"சாவி?"

"கள்ளச் சாவி."

"எங்க?"

"தொலஞ்சு போச்சு."

"நல்ல மருமவன்" என்றாள் வினோதா. "சார், ஒரு சந்தேகம். இந்தப் பசை உப்புத் தண்ணி பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? எத்தன தடவ லேப்ல நின்னு பாத்திருக்கேன். உப்பு பட்டா கல்லுதான்."

வினோதா சந்திரலேகாவின் போனை வாங்கி பட்டனைத் தட்டினாள். சோமசேகரனின் குரல் செக்போஸ்ட் முழுக்கக் கேட்டது.

"...மோர்ல நல்லா உப்புப் போட்டு ரெண்டு டம்ளர் குடு. எழுந்து உக்காந்துடுவான்."

கைக்குட்டை முகத்திலேயே நின்றுவிட்டது.

"ஒருத்தன் பசை பாட்டில முழுசா குடிச்சிட்டான்னு இந்தப் பொண்ணு பதறுது. உப்பு பட்டா அது கல்லாவும்னு உங்களுக்குத் தெரியும். அந்த வயித்துல உப்பு மோர ஊத்தச் சொல்றீங்க. ஒண்ணு, நீங்க கொலைகாரரா இருக்கணும். இல்லன்னா, பாட்டில்ல இருந்தது பிராந்திதான்னு ஊருக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அது வந்து... தூக்கக் கலக்கத்துல..."

"டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க சார். மெல்லுற சத்தமும் ரெக்கார்டு ஆயிருக்கு."

அஷ்வின் விசும்பினான்.

"மாமா, போதும் மாமா. மேடம், மாமாதான் சாவிய குடுத்தாரு. டெமோ ஃபெயிலானா பேட்டன்ட்ல சந்திரலேகாக்கா பேரு வராது. நாகூர்ல காத்திருக்குற சென்னைக் கம்பெனி ஆளுகிட்ட பசைய குடுத்து, அவங்க கண்டுபிடிச்ச மாதிரி காட்டி, பாதிப் பங்கு எடுத்துக்கலாம்னாரு. பிராந்தியும் அவர் வீட்டு பிராந்திதான்."

சோமசேகரன் கடைசி அம்பை எடுத்தார்.

"சரிம்மா. என் கம்பெனி, என் பாட்டில். நானே எடுத்தா திருட்டாயிடுமா?"

"அத கோர்ட்டு சொல்லட்டும் சார்." வினோதா பையிலிருந்து மனுவை எடுத்து விரித்தாள். "நீங்களே மாத்தி வச்சிட்டு, ஒண்ணும் பண்ணாத பொண்ணு மேல பொய்ப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க பாருங்க. அதுக்குத்தான் இப்ப ஜீப்ல ஏறுறீங்க. வர்றப்ப உக்காந்த அதே சீட்டு."

"டெமோ இன்னும் நடக்கல. ஒப்பந்தப்படி..."

"ஒப்பந்தத்துல பட்டினச்சேரின்னு எழுதல சார்" என்றாள் சந்திரலேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாய் கண்ணுக்கு முன்னாடி உப்புத் தண்ணியில இறுகணும். அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார் கமாலுதீன். "அறுபது படகுக்கு வேணும். ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேம்மா. ஜாடியில குடு. இந்தப் பாட்டில்ல குடுத்தா நான் வீட்டுக்குள்ள போக முடியாது."

சந்திரலேகா வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் முதல் ஜாடிக்கு இப்போதுதான் சாங்ஷன் கிடைத்திருக்கிறது.

சோமசேகரன் ஜீப்பில் ஏறினார். வண்டி கிளம்பியது.

"மேடம்!" நடு ரோட்டிலிருந்து அஷ்வின் கத்தினான். "என் கால் மேடம்... என்னைய என்ன பண்ணப் போறீங்க?"

வினோதா தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"உங்க மாமா வைத்தியப்படி உப்புப் போட்ட மோர் வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் கைய காட்டி டிராஃபிக்க ஒழுங்கு பண்ணு!"