சான்றுமீன்

இரண்டு வருடமாக அந்தத் துறைமுகத்தில் சிவப்பு விளக்கு எரியவில்லை. கடல் தேறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஈரல்நோக்கிக் கருவி பச்சை காட்டாத மீன் கரையை விட்டுப் போகக்கூடாது. அதுதான் சட்டம். ஓடும் பட்டையில் மீனை வைத்தால் ஓர் ஒளிக்கீற்று வயிற்றை ஊடுருவி ஈரலைப் பார்க்கும். கடலில் கலக்கும் கழிவுநீரின் நஞ்சு முதலில் குடியேறுவது அங்கேதான். ஆனால் நல்ல ஈரலும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் கருவிக்கு ஓர் உயிருள்ள அளவுகோல் தேவைப்பட்டது. அதற்காகப் பக்கத்திலேயே கண்ணாடித் தொட்டியில், தூய நீரில், ஒரு கொடுவா மீன். சான்றுமீன் என்று பெயர். தினமும் காலையில் கருவி முதலில் அதன் ஈரலைப் பார்த்துக்கொள்ளும். பிறகு வருகிற மீனின் ஈரல் அதைப்போல இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

அந்தச் சான்றுமீன் அன்று செத்து மிதந்தது.

கருவியை இயக்கும் செலஸ்டின் அதை அள்ளி மேசையில் போட்டான். மனைவி ரெஜினா இறந்துபோன பிறகு அவன் எதற்கும் பதறுவதில்லை. புது மீன் வண்டியில் வந்துகொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று வயிற்றைக் கீறினான்.

ஈரல் மஞ்சளாக இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

"புஷ்பக்கா, இது என்ன தின்னுச்சு?"

மீன் விற்கும் மரியபுஷ்பம் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்க போடுத உருண்டைத் தீனிய அது எங்க தொட்டுச்சு? பட்டினி கெடந்துச்சு. பாவம்னு நாங்கதான் ஈரலா அள்ளிப் போட்டோம். என்னமா முழுங்கும் தெரியுமா?"

"எந்த மீன் ஈரல்?"

"அப்பல்லாம் சிவப்பு விழுந்தது கூடை கூடையாக் கெடக்கும்லா. குழியில கொட்டுததுதானன்னு போட்டோம். பொறவு சிவப்பே விழலியே, பச்சை மீனோடதத்தான் போட்டோம். ரெஜினாவுக்கு நீ எடுத்துட்டுப் போவியே, அந்த மீன் ஈரலும் இதுக்குத்தான்."

செலஸ்டின் கத்தியைக் கீழே வைத்தான்.

ரெஜினாவின் வயிறு வீங்கத் தொடங்கியபோது, குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். மீன் சாப்பிடுங்கள், உடம்பு தேறும் என்றார். பச்சை விழுந்ததாகப் பார்த்து தினமும் அவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைசியில் ஸ்கேன் படத்தில் காட்டினார்கள். அங்கேயும் இதே வெள்ளைக் கட்டிகள்.

கடல் தேறவில்லை. அளவுகோல்தான் நோயில் விழுந்திருந்தது.

வண்டி வந்தது. புது மீனைத் தொட்டியில் விட்டான். கருவி அதைப் பார்த்துக்கொண்டது. பட்டையை ஓடவிட்டான். சாளை சிவப்பு. பாறை சிவப்பு. விளமீன் சிவப்பு. ஒரு படகின் மீன் முழுவதும் போய் முடிந்தது. பச்சை விழவே இல்லை.

"மிஷின் கெட்டுப் போச்சால?" என்றார் படகுக்காரர் சூசை.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. மீன்தான்."

"அதான் நானும் சொல்லுதேன். அந்தப் புது மீனு சரியில்ல."

செலஸ்டின் மேசையிலிருந்த ஈரலைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினான். கரையில் கூடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடலில் இன்னும் ஏழெட்டுப் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"நாங்களும் இதத்தான திங்கோம்," என்றார் சூசை மெதுவாக. "நல்லாத்தான இருக்கோம்?"

கொஞ்ச நேரம் பொறுத்து புஷ்பம் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். நிறைய ஈரல்.

"கோவிச்சுக்கிடாத தம்பி. அதுக்கு நம்ம ஊர் தீனி இன்னும் பழகல. நாங்க போடுதோம். கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

பின்னால் எல்லோரும் தலையாட்டினார்கள். சூசைகூட.

செலஸ்டினுக்கு எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது. தொட்டியின் மரமூடியை இழுத்து மூடி அதன்மேல் உட்கார்ந்தான்.

"எந்திரி தம்பி. மூடியத் தெறக்கணும்லா."

"முடியலக்கா," என்றான். "ரொம்ப அசதியா இருக்கு."

அவள் கிண்ணத்தோடு அங்கேயே நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.