பின்னல் முடியும்வரை

காலையில் அம்மா, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எப்போதும் சொல்கிற "போயிட்டு வரேன்" இல்லை.

மாற்றிச் சொல்லச் சொல்லி மகள் வாயெடுப்பதற்குள், காலித் தண்ணீர்க் கேன் படிகளில் இடித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டது. தெருமுனைவரை சண்டை வந்துவிட்ட பிறகு வாய் தவறிய ஒரு சொல்லுக்கெல்லாம் கவலைப்பட முடியாது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். சொல் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்ததால் பகலும் உள்ளே புகையிருட்டாகவே கிடந்தது. கட்டிவைத்த மூட்டைமேல் உட்கார்ந்து, வறண்ட குழாய்க்குள் காற்று முனகுவதையும், ஆள் ஓடிப்போன பக்கத்து வீட்டில் கதவொன்று ஆடி ஆடி அடித்துக்கொள்வதையும், கீழ்வீட்டுத் தையல்காரர் தன் மெஷினைச் சாக்கில் சுற்றுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரும் லாரியில் மூன்று பேருக்கு அவர்தான் இடம் பிடித்திருந்தார். அதுதான் கடைசி லாரி.

அம்மா தண்ணீருக்குப் போன குழாயடிப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை.

திரும்பியபோது அம்மா நின்றிருந்தாள்.

"பயந்துட்டியா, ஊமைக்கோட்டான்?"

அப்படிக் கூப்பிட அம்மாவைத் தவிர யாருமில்லை. மகளுக்கு உயிர் வந்தது. "தண்ணி எங்கேம்மா?"

"வரிசை நகரவே இல்லை. உக்காரு, தலை பின்னிவிடறேன்."

"பின்ன என்ன இருக்கு? பேன்னு சொல்லி நீதானே கழுத்தோட வெட்டிவிட்டே?"

"இருக்கறதைப் பின்னறேன். பரட்டைத் தலையோட ஏறினா, பேயைக் கூட்டிட்டு வந்துட்டோம்னு லாரியிலிருந்து இறக்கிவிட்டுடுவாங்க."

மகள் சிரித்துவிட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் துவைத்து அம்மாவின் கைகளில் எந்நேரமும் பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும். சோறு பிசைந்தாலும் போகாது. இன்று அந்த நெடி இல்லை. மழையில் நனைந்த செங்கல்லின் வாடை அடித்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

எதிரே கதவு. அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

விரல்கள் நிதானமாகப் பின்னின.

கதவு தட்டப்பட்டது. தையல்காரர். "பாப்பா, லாரி வந்துடுச்சு. சீக்கிரம் திற."

அவள் எழப் பார்த்தாள். பின்னல் சுண்டி இழுத்தது.

"ஆடாதே. கோணலாப் போயிடும்."

வெளியே அவர் குரல் தாழ்ந்தது. "அம்மாவுக்காகக் காத்திருக்காதேம்மா. குழாயடிக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். என் போர்வையாலதான் மூடினேன்."

விரல்கள் நிற்கவில்லை.

மாமா என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் தோளால் கதவை இடித்தார். கதவு அசையவில்லை. கீழே ஹாரன் அலறியது.

"பாப்பா, நிக்கமாட்டேங்கறாங்க. உனக்குக் கேக்குதா இல்லியா?"

கேட்டது. ஒவ்வொரு சொல்லும். பிறகு படிகளில் அவர் செருப்புச் சத்தம். பிறகு லாரி உறுமிக் கிளம்பியது. அதன் சத்தம் தெரு திரும்பியது. தேய்ந்தது.

பின்னல் அவள் இடுப்பைத் தொட்டது.

கழுத்தோடு வெட்டிய முடி.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். தன் குட்டை முடி. அதோடு சேர்த்து இறுக்கிய வேறு முடி. நீளம். ஈரம். நறநறவென்று மண். அதைப் பிடித்துக்கொண்டே விரல்கள் மேலே போயின. முடி எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தது. அவள் பிடரிக்கு மிக அருகில் ஒரு தலை. சில்லென்று.

"முடிஞ்சுது," என்றாள் அம்மா. "வா, போறோம்."

மகள் எழவில்லை. அம்மா எழுந்தாள். மகளின் தலையும் கூடவே எழுந்தது.